கூப்பிட்டால் வரும் ஓநாய்

அபயாம்பாள் மாமி வைக்கும் சாம்பாரின் வாசனை தெரியாதவர்கள் பம்பாய் மாட்டுங்காவின் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. அதைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டவர்களும் யாரும் இல்லை. மாமிமேல் குற்றமே கிடையாது. பன்னிரண்டரை மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் அடுப்பிலிருந்து இறக்கி, மேஜையில் பரப்பி, தட்டும் போட்டு, கூப்பிட்டும் விடுவாள். வருவதற்குத்தான் ஆள் கிடையாது.

"ஏன்னா, சாப்பிட வாங்கோ" என்பது முதல் குரல். கணவர் வேங்கடசுப்ரமணியன், இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிடயர் ஆனவர், நாளைக்குப் பரீட்சை என்பதைப் போல பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "இதோ வந்துண்டே இருக்கேன்" என்பார். வந்துகொண்டே இருக்கிறவர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். மகன் நகுல் கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். காதில் ஹெட்போன் மாட்டியபடி ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். ஒரு நிமிஷம் என்று அதற்கு அர்த்தமாம். இரண்டாவது குரலுக்கும் அதே பதில், அதே விரல். மூன்றாவது குரல் கீழ்வீடு வரைக்கும் கேட்கும். கடைசியில் இருவரும் வந்து உட்கார்ந்து, "ரசம் ஆறிப்போயிருக்கே" என்று மாமியிடமே சொல்வார்கள். அந்த இடத்தில் உங்களுக்கும் எனக்கும் வாயில் என்னென்னவோ வந்திருக்கும். மாமி ரசத்தைச் சுடவைக்க எழுந்து போவாள்.

பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். அப்போது மாமனார் வரமாட்டார், மைத்துனர்கள் வரமாட்டார்கள். பிறகு மகள் சாதனா பிறந்து, அவளும் வரமாட்டேன் என்றாள். இப்போது அவள் கல்யாணமாகி, ஊருக்கு வெளியே நெருளில் தன் குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, மிச்சம் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு மாமி கடைசியாகச் சாப்பிடுவாள். அந்த வீட்டில் பெண்பிள்ளைக்கு அதுதான் வழக்கம்.

மாமிக்கு நகை ஆசை கிடையாது, காசி யாத்திரை ஆசை கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். ஏதாவது ஒரு ஜீவன், எதுவாக இருந்தாலும் சரி, அவள் கூப்பிட்ட முதல் குரலுக்கே வந்து நிற்க வேண்டும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் நடந்தபோதுதான் இந்த ஆசை வயிற்றெரிச்சலாக மாறியது. மாமியால் நிற்க முடியாது என்று சமையலுக்குச் சுஷ்மா என்ற மராட்டிக்காரப் பெண்ணை வைத்தார்கள். அவள் செய்த சாம்பாரில் வெல்லம் மிதந்தது. ஆனால் அவள் சமையலறை வாசலில் நின்று "சலோ, கானா தயார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், பேப்பர் மடியும், ஹெட்போன் கழலும், அப்பாவும் பிள்ளையும் பவ்யமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "வெளி மனுஷியைக் காக்க வைக்கப்படாதோன்னோ" என்றார் வேங்கடசுப்ரமணியன். கட்டிலில் காலை நீட்டியிருந்த மாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று சாதனா தன் பழைய டாப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வார்த்தை கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றைப் போட்டும் கொடுத்தாள். அதில் நடு நடுவே விளம்பரம் வரும். ஒரு நாள் அந்த விளம்பரத்தை மூடுவதற்காக மாமி பெருக்கல் குறியை அமுக்க, அது மூடாமல் வேறு ஒரு விளையாட்டைத் தானாக இறக்கிக்கொண்டுவிட்டது. திரையெங்கும் பனி. நடுவில் ஒரு பெண் கோடாலியோடு தனியாக நிற்கிறாள். அந்த விளையாட்டுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. மாமி அதைப் பனிக்காடு என்றே சொல்லுவாள்.

பனிக்காட்டில் செய்ய வேண்டியது ஒன்றே, சாகாமல் இருப்பது. விறகு வெட்டு, தீ மூட்டு, குடிசை கட்டு, பசித்தால் சாப்பிடு. நாலு பேருக்கு மூன்று வேளை பொங்கிப்போட்ட மாமிக்கு இது பெரிய வித்தையா? ஒரே சிக்கல், அங்கே சாப்பாடு என்பது மான், முயல், மீன். மாமி கோடாலியை மானிடம் கொண்டுபோகவே இல்லை. சிவப்பாகப் புதரில் காய்த்திருந்ததைக் களாக்காய் என்று முடிவு செய்து பறித்துத் தின்றாள். கிழங்கு தோண்டினாள். காளான் கிடைத்தது, அது அவர்கள் வீட்டில் நுழையாத பண்டம், தொடவில்லை. பசியால் பல தடவை செத்தாள். ஒவ்வொரு தடவையும் விளையாட்டு அவளை உயிரோடு எழுப்பி, "இறைச்சி சாப்பிடுங்கள்" என்று யோசனை சொன்னது. "உன் யோசனை வேண்டாம்" என்று மாமி வாய்விட்டே பதில் சொன்னாள்.

பசிக்குத் தப்பினால் ஓநாய். அவை வருகிற தினுசே வேறு. முதலில் ஒன்று மட்டும் எதிரே வந்து, வேலை வெட்டி இல்லாததைப் போல நிற்கும். நாம் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குள் மற்றவை பின்னால் வந்திருக்கும். ஓடினால் தீர்ந்தது. ஒன்றின்மேல் கை வைத்தால் கூட்டமே பாயும். தீ மூட்டினால் வெளிச்சத்துக்கு வெளியே சுற்றிச் சுற்றி வரும். அவற்றுக்கு ஒரு தலைவன் உண்டு. இடது காது பாதி கிழிந்த, சாம்பல் நிறத்துப் பெரிய ஓநாய். அதற்கு மாமி அம்பி என்று பெயர் வைத்தாள்.

ஒரு நாள் திரையின் ஓரத்தில் ஒரு குறிப்பு வந்தது. கூட்டத்தின் தலைவனுக்கு, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் கையாலேயே மூன்று முறை பச்சை இறைச்சி கொடுங்கள். நடுவில் முதுகைக் காட்டாதீர்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு அது காட்டுக்குள் போய்விடும். அடுத்த முறை நீங்கள் விசில் அடித்தால், எங்கிருந்தாலும் வரும்.

கடைசி வரியை மாமி இன்னொரு தடவை படித்தாள். எங்கிருந்தாலும் வரும். ஒரு விசிலுக்கு. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த அம்பியைத் தன்னுடையதாக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

இறைச்சிதான் இடித்தது. மாமி தன் பக்கத்திலிருந்து முயற்சி செய்யாமல் இல்லை. களாக்காயை அம்பியின் முன்னால் வைத்தாள். அது முகர்ந்து பார்த்தது, மாமியைப் பார்த்தது, மாமியைத் தின்றது. மறுநாள் சுட்ட கிழங்கு வைத்தாள். பாகற்காய்ப் பிட்லையைப் பார்த்தால் நகுல் வைத்துக்கொள்ளும் அதே முகத்தை அம்பியும் வைத்துக்கொண்டது. அன்றைக்கும் மாமி பிழைக்கவில்லை.

"ராம ராமா! இந்தச் சனியன் மறுபடியும் வரதே!" என்று மூன்றாம் நாள் மாமி அலறினாள். டாப்லெட்டின் மைக் திறந்திருப்பதும், பனிக்காட்டில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நம் குரல் கேட்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

"யாரது, தமிழா?" என்று ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஓடாதிய! அப்படியே நில்லுங்க!" ஒரு ஈட்டி பறந்து வந்து பனியில் குத்தி நின்றது. ஓநாய்கள் விலகின. கையில் தீப்பந்தத்தோடு ஒரு பெண் வந்தாள். தலைக்குமேல் 'தாராவி ராணி' என்று எழுதியிருந்தது.

அவள் பெயர் பேராச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. தாராவியில் தோல்பை தைக்கும் கார்கானாவில் மிஷின் ஓட்டுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண் அசர, இவள் போனை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவாள். மாமியின் கதையைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் டாப்லெட்டே கரகரத்தது.

"களாக்காயா? ஓநாய்க்கா? ஏன் மாமி, கூட ரெண்டு வாழைப்பழமும் பத்தியும் வச்சு கும்பிட்டிருக்க வேண்டியதுதானே?"

"கேலி பண்ணாதேடிம்மா. எனக்கு ஒரு வழி சொல்லு."

"நான் மானை அடிச்சுத் தாரேன். நீங்க எடுத்து வைங்க. அவ்வளவுதான் விசயம்."

"நான் எப்படித் தொடுவேன்?"

"சரி, நானே வைக்கேன். இன்னைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமைல்லா. வெள்ளி, செவ்வாயில நான் இங்கயும் கறி தொட மாட்டேன்" என்றாள் பேராச்சி. ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்ட விரதமாம். தாராவியில் இருந்தால் என்ன, பனிக்காட்டில் இருந்தால் என்ன, ஆத்தா பார்த்துக்கொண்டுதானே இருப்பாள்! மாமிக்கு அந்த இடத்தில் பேராச்சியைப் பிடித்துப்போய்விட்டது.

சனிக்கிழமை தொடங்கி மூன்று நாள் பேராச்சி வேறொரு சிறு கூட்டத்தின் தலைவனுக்கு இறைச்சி வைத்துக் காட்டினாள். தீ மூட்டியது மாமி, காவல் நின்றது மாமி, விறகு சுமந்தது மாமி. எல்லாம் முடிந்து பேராச்சி விசில் அடித்ததும் அது துள்ளி ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. மாமியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமி டாப்லெட்டை அணைத்துவிட்டுப் போய் உளுந்து நனைத்தாள். அன்றைக்கு உளுந்தில் கல் பொறுக்கவே மனசு வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பொதுவாகக் கேட்பதைப் போலக் கேட்டுப் பார்த்தாள். "ஏன்னா, கம்ப்யூட்டர் விளையாட்டில மாமிசத்தைத் தொட்டா தீட்டா?"

வேங்கடசுப்ரமணியனுக்கு யாரும் அபிப்பிராயம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. மாயை, பிரம்மம் என்று ஆரம்பித்தவர், தயிர்சாதம் முடிகிறவரை நிறுத்தவில்லை. தொடலாமா கூடாதா என்பது மட்டும் அதில் வரவில்லை. நகுல், "அம்மா, வெறும் பிக்சல்தான், டென்ஷன் எடுக்காதே" என்று விரலைத் தூக்கினான்.

பேராச்சி இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவைத்தாள். "உங்க வீட்டுக்காரர் நாப்பது வருசமா ஆபீசுக்குக் கட்டிட்டுப் போன பெல்ட்டு வாழைநாருலயா செஞ்சது மாமி?"

மாமி யோசித்தாள். அந்த பெல்ட்டை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவள் கைதான். ஆகட்டும் என்றாள்.

ஆனாலும் ஒரு ஆசாரம் வேண்டாமா? அவளுடைய வலது கை சுவாமிக்கு விளக்கேற்றும் கை, அடுப்பில் வேலை செய்யும் கை. அதனால் இடது கைச் சுண்டு விரலால் இறைச்சியைத் தள்ளித் தள்ளி அம்பியின் முன்னால் வைத்தாள். கோடாலியைக் கீழே போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்பி வந்தது, தின்றது, போனது. மாமிக்கு வேர்த்துவிட்டது. அடுத்த நாள் இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் அம்பி இன்னும் கிட்டே வந்து, அவள் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. இறைச்சி கையில் இருக்கிறது. கீழே வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து மாமிக்கு நினைவு வந்தது. டாப்லெட்டை அவள் தினமும் சார்ஜ் போடுவது சுவாமி அலமாரிக்குப் பக்கத்திலிருக்கும் ப்ளக்கில். இரண்டு நாளாக மாமிசம் தொட்ட வஸ்து, இரண்டு நாளாக சுவாமி பக்கத்தில்! மாமி பதறிப்போய், பக்கத்திலிருந்த பஞ்சபாத்திரத்திலிருந்து ஒரு உத்தரணித் தண்ணீரைக் கையில் விட்டு, மந்திரம் சொல்லி டாப்லெட்டின்மேல் தெளித்தாள்.

தெளித்த ஒவ்வொரு சொட்டையும் அந்தத் திரை ஒரு விரல் என்று எடுத்துக்கொண்டது. பனிக்காட்டில் இருந்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது. குதித்தாள், சுழன்றாள், இறைச்சியை விட்டெறிந்தாள், போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றினாள், கடைசியில் கோடாலியை எடுத்து அம்பியின் மூக்கிலேயே ஒன்று போட்டாள்.

"மாமி! என்ன செய்யுதிய?" என்று பேராச்சி கத்தினாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை! அதுவா பண்றது!"

"ஓடுங்க! பாறை மேல ஏறுங்க!"

மாமி புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துக்கொண்டே பாறையில் ஏறினாள். கீழே கூட்டம் முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு தூரம் வந்த அம்பி இனி எங்கே வரப்போகிறது! மாமிக்கு அழுகை வந்தது. தண்ணீர் தெளித்த கதையைத் திக்கித் திக்கிச் சொன்னாள். பேராச்சி சிரிப்பை அடக்குகிறாள் என்பது மூச்சிலிருந்து தெரிந்தது. "அழாதிய மாமி. காயம் ஆறினா அது மறந்திரும். மறுபடியும் முதல்லேருந்து வைப்போம்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்ததால் கார்கானாவுக்குத் திரும்பினாள்.

மாமி பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். இறங்க வழியில்லாததால் வேடிக்கை பார்த்தாள். கீழே விழுந்துகிடந்த இறைச்சியிடம் அம்பி போயிற்று. அது யாரையும் கூப்பிடவில்லை. ஊளையிடவில்லை. இன்னும் வரவில்லையே என்று எட்டிப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்குத் தின்ன ஆரம்பித்தது. அங்கே இங்கே படுத்துக்கிடந்தவை ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொன்றாக வந்து, அதைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் முறைக்காகக் காத்திருந்தன. அம்பி நிதானமாகத் தின்று முடித்தது.

மாமி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓஹோ" என்றாள் கடைசியில்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சுஷ்மா அதற்குள் நின்றுவிட்டிருந்தாள், மாமியின் முழங்காலும் சரியாகியிருந்தது, மூன்று குரல்களும் பழையபடி ஆரம்பித்திருந்தன. டாப்லெட்டின் சார்ஜரை மாமி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ப்ளக்குக்கு மாற்றினாள். தண்ணீர் தெளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சுண்டு விரலை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள். மூன்றாவது இறைச்சியையும் தின்றுவிட்டு அம்பி காட்டுக்குள் மறைந்தது. இனி விசில் அடித்துப் பார்க்க வேண்டும். வந்தால் அவளுடையது. வராவிட்டால் அதுவும் இந்த வீட்டு மனுஷர்களோடு சேர்த்தி.

"நாளைக்கு ஒரு மணிக்கு நானும் வாரேன். நான் இல்லாம அடிச்சிராதிய" என்றாள் பேராச்சி.

மறுநாள் மொளகூட்டல், புளிப்பச்சடி, தக்காளி ரசம். மாமி எல்லாவற்றையும் இறக்கி மேஜையில் வைத்தாள். அப்பளம் பொரித்தாள். ஊறுகாய் பாட்டிலில் டாப்லெட்டைச் சாய்த்து நிறுத்தினாள். வாய் பழக்க தோஷத்தில் "ஏன்னா" என்று திறந்தது. மாமி அதை மூடினாள்.

ஒரு தட்டை எடுத்தாள். ஆவி பறக்கும் சாதத்தை நடுவில் போட்டுக்கொண்டாள். நெய் விட்டுக்கொண்டாள், கொஞ்சம் தாராளமாகவே. மொளகூட்டலை விட்டுப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

அடடா! மாமி கையை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். தன் சமையல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் சூடாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

கூடத்தில் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. முதல் குரல் வரவில்லையே? வேங்கடசுப்ரமணியன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது குரலும் வரவில்லை. பயந்துபோய் எழுந்து வந்தார். மனைவி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார். இப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததே இல்லை. பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வீடு இவ்வளவு அமைதியாக இருப்பதில் ஏதோ கோளாறு என்று நகுலுக்கும் பட்டிருக்க வேண்டும். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தான். "அம்மா, கூப்பிடவே இல்லையே? உடம்பு சரியில்லையா?"

மாமியின் வாய் நிறைய அப்பளம் இருந்தது. நகுல் அப்பாவைப் பார்த்தான். அப்பா கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அவனும் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அடுத்த வாய் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊறுகாய் பாட்டிலின் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மாமி, நான் வந்துட்டேன். விசில் அடிச்சியளா? வந்துச்சா?"

மாமி எதிரே இருந்த இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"விசிலே அடிக்கலை பேராச்சி. ரெண்டும் வந்துடுத்து."

"ரெண்டா? ஒண்ணைத்தானே பழக்குனோம்?"

வலது கை எச்சில். மாமி இடது கைச் சுண்டு விரலை நீட்டி, டாப்லெட்டில் விசிலை அமுக்கினாள். பனிக்காடு முழுவதும் அந்தச் சத்தம் போயிற்று. பனி பெய்துகொண்டே இருந்தது. மாமி மெல்லுவதை நிறுத்திவிட்டாள். தூரத்து மரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் ஒரு கிழிந்த காது தெரிந்தது. பிறகு அம்பி, தலைதெறிக்க ஓடி வந்து, அவள் காலடியில் உட்கார்ந்தது.

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "யாராத்து நாய் அது?"

"நாயில்லை, ஓநாய். என்னோடது" என்றாள் மாமி. "ரசம் சூடா இருக்கு. ஆறறதுக்குள்ளே விட்டுக்கோங்கோ."